சிவப்பு வட்டம்

எங்கள் சலவைக் கடையில் இரண்டு சட்டம் உண்டு. கறையைத் தண்ணீர் படுவதற்கு முன்னாலேயே காட்டிவிட வேண்டும் என்பது முதல் சட்டம். நனைந்த பிறகு காட்டினால் நாம் வைத்த கறையாகத்தான் ஆகும். யார் துணி கொண்டுவந்தாலும் கவுண்டர் மேல் விரித்து, கறை மேல் விரலை வைத்து, "பாத்துக்குங்க, இது உங்க வீட்லேர்ந்தே வந்தது" என்று கடைக்காரம்மா சொன்ன பிறகுதான் ரசீது. அவர் கண்ணுக்குத் தப்பிய கறை கிடையாது. தெருவில் அவருக்குக் கறைக்கண்ணி என்று பேர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும்.

இரண்டாவது சட்டம் பாக்கெட். துணி மெஷினுக்குப் போகும் முன் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கை விட்டுப் பார்க்க வேண்டும். எது கிடைத்தாலும், சீட்டோ சாவியோ கடிதமோ, பழுப்புக் கவரில் போட்டு ஸ்டேப்ளர் பின் அடித்து, துணியின் நம்பரை எழுதி, அந்தத் துணியைப் போட்டிருந்தவர் கையில் திருப்பித் தர வேண்டும். படிக்கக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு காதல் கடிதத்தைப் பிரித்து இரண்டு வரி படித்துவிட்டேன். அக்கா என் கையிலிருந்து பிடுங்கி, "துணியத்தான் துவைக்கக் குடுத்தாங்க, மானத்தக் குடுக்கல" என்றார். கடைக்காரம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அது நடந்து பதினாலு வருஷம் ஆகிறது. அப்போது அவர் மகள் பேச ஆரம்பித்திருந்தாள். இஸ்திரிப் பெட்டியோடு எந்நேரமும் நின்ற என்னைப் 'பெட்டியக்கா' என்றாள். அதுவே நிலைத்துவிட்டது. அவளை நாங்கள் குட்டி என்போம். இப்போது பதினாறு முடிகிறது, அந்தப் பேரைக் கேட்டால் எரிந்து விழுகிறாள்.

போன வருஷம் அக்காவின் வீட்டுக்காரர் ஒரு வேன் பிடித்து, வீடு வீடாகப் போய்த் துணி எடுக்க ஆரம்பித்தார். வாடிக்கைக்காரர் கவுண்டருக்கு வராமல் கறையை எப்படிக் காட்டுவது? நான்தான் வழி சொன்னேன். போனில் படம் பிடித்து, கறையைச் சுற்றி விரலால் சிவப்பு வட்டம் போட்டு, கீழே 'கவனிக்கவும்' என்று எழுதி அனுப்பச் சொல்லிக்கொடுத்தேன். அக்காவுக்கு அது பிடித்துப் போயிற்று. கோணல்மாணல் இல்லாமல் அப்படி ஒரு வட்டம் போடுவார். இது ஏன் சொல்கிறேன் என்றால், நடந்ததில் பாதிப் பாவம் என் தலையில் இருக்கிறது.

மீதிப் பாவமும் என்னுடையதுதானோ என்னவோ. குட்டி போனில் எழுதுவது அக்காவுக்குப் புரியாது. புரியாதது எல்லாம் அவருக்குத் திருட்டு. பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டு வைத்திருந்தார். மகள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து எழுதிக்கொள்வது, பிறகு என்னிடம் வந்து கேட்பது.

"இந்த 'ஐடிகே'ன்னா என்னடீ?"

"தெரியாதுன்னு அர்த்தம் அக்கா."

"உனக்குத் தெரியாதா?"

"அதுக்கு அர்த்தமே தெரியாதுங்கறதுதான்."

"தெரியாதுன்னு எழுத என்ன கேடு? கை சுளுக்கிக்குமா?"

நாமும் துணிச்சீட்டில் 'எ.க.வ.கை' என்று எழுதுகிறோமே, எண்ணெய்க் கறை வலது கை என்று வெளியாள் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். அது தொழில் என்றார். இவர்களுக்கு இது தொழில் என்றேன். முறைத்தார்.

குட்டிதான் எனக்கு வாத்தியார். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மேசையோரம் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே சொல்வாள். சரி என்பதற்கு வெறும் 'கே' என்று பதில் போட்டால் கன்னத்தில் அறைந்த மாதிரி. வரி முடிவில் புள்ளி வைத்தால் கோபம். கட்டைவிரல் படம் போட்டால் 'போதும் போ' என்று. எழுதிக் கேட்காமல் திடீரென்று போன் அடிப்பது கதவை உதைத்துத் திறப்பது. "அம்மா எனக்கு 'சாப்பிட வா' எழுதி புள்ளி வக்கிறாங்க பெட்டியக்கா. பாத்ததும் என்ன தப்பு பண்ணினேன்னு யோசிக்கறேன்." மண்டையோடு படம் போட்டால் சிரித்தே செத்தேன் என்று அர்த்தம். அக்கா அதைப் பார்த்துவிட்டு யார் செத்தது என்று பதறிக் கேட்டபோது, சிரிப்பு அக்கா, வெறும் சிரிப்பு என்று நான்தான் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மழை ஒன்பதாவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. துணி எதுவும் கொடியில் காயவில்லை. உலர்த்தும் மெஷின் இரண்டும் ஓயாமல் சுற்றி, கடை முழுக்க ஆவி. கண்ணாடிக் கதவில் விரலால் எழுதலாம் போல் ஈரம். குட்டி நனைந்து வந்து, தன் மழை ஜாக்கெட்டைக் கழற்றி அழுக்குக் கூடையில் எறிந்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு டியூஷனுக்கு ஓடிவிட்டாள். அக்கா ஜாக்கெட்டை எடுத்தார். பாக்கெட்டில் கை விட்டார். போன் இருந்தது.

கவரில் போட்டிருக்க வேண்டியதுதானே. யார் பாக்கெட்டாக இருந்தால் என்ன, சட்டம் சட்டம்தானே. ஆனால் கைக்கு வந்த நேரத்தில் அது வெளிச்சம் போட்டது. அக்கா பார்த்தார். பூட்டைத் திறக்கும் கோடு அவருக்குத் தெரியும். மகள் விரல் போவதை ஒரு தரம் பார்த்திருந்தாலே போதும் அந்தக் கண்ணுக்கு. நின்றபடியே படித்தார். மெஷின் ஒன்று நின்று கூவியது, திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பக்கத்தைத் தன் போனில் படம் பிடித்து வட்டம் போட்டு, என்னிடம் நீட்டினார். "வட்டம் சரியா இருக்கா பாரு."

குட்டியும் எதிர்க்கடைத் தையல் மாஸ்டரின் மகளும் பேசிக்கொண்டது. இரண்டும் ஒரே வகுப்பு, ஒரே உயிர். வட்டத்துக்குள் மாஸ்டர் மகள் எழுதியிருந்தாள்: 'உங்கம்மாதான் டேஞ்சர். ஊர் அழுக்கெல்லாம் மோந்து மோந்து பழகின மூக்கு. மோந்தே கண்டுபிடிச்சிடும்'. அதற்குக் கீழே குட்டியின் பதில், மூன்று மண்டையோடு.

அக்கா முகத்தை நான் பார்த்தேன். அந்தப் பெண் எழுதியதைவிட அந்த மூன்று மண்டையோடுதான் அவரைக் குத்தியது. அதற்கு அர்த்தம் சொன்னவள் நான்.

"வட்டம் சரியாத்தான் இருக்கு" என்றேன். நானும் வட்டத்துக்குள் இருந்ததைத்தான் படித்தேன். மேலே இரண்டு வரி இருந்ததை நானும் பார்க்கவில்லை.

அதை வகுப்புப் பெற்றோர் குழுவில் போட்டுவிட்டார். நாற்பத்து மூன்று பேர். கீழே, 'இது எங்கள் வீட்டுப் பேச்சு அல்ல. அங்கிருந்தே வந்தது. கவனிக்கவும்.' அவர் கணக்கில் அது நியாயம். கறை யார் வீட்டிலிருந்து வந்தது என்று தண்ணீர் படும் முன் காட்டிவிட்டார்.

மேலே இருந்த இரண்டு வரி இது. மாஸ்டர் மகள் எழுதியது, 'இந்தச் சனிக்கிழமையும் டியூஷன்னு சொல்லிட்டு எங்கம்மாவப் பாக்கப் போறேன். யாராவது கேட்டா உன்கூட இருந்தேன்னு சொல்லு'. அதற்குக் குட்டி, 'சரி. எங்கம்மா கேட்டா?'

மாஸ்டரின் மனைவி அவரை விட்டுப் போய் நாலு வருஷம். ஊரின் அந்தக் கோடியில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அவளைப் பார்த்தால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்று மகளிடம் மாஸ்டர் சொல்லியிருந்தது தெருவுக்கே தெரியும். அவர் குடிகாரர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. பிரித்த தையலைத் திரும்பப் போடமாட்டார், அவ்வளவுதான். சனிக்கிழமை ஒன்றுதான் அந்தப் பெண்ணுக்குத் தாய் இருந்த நாள்.

அரை மணி நேரத்தில் குழுவில் மாஸ்டரின் பதில் வந்தது. கைகூப்பும் படம். 'நன்றி சிஸ்டர். என் கண்ணைத் திறந்தீர்கள்.'

அப்போதுதான் அக்கா மேலே இருந்ததைப் படித்தார். உடனே அழித்தார். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி நின்றது. பதினோரு பேர் என்ன அது, என்ன அது என்று கேட்டார்கள். ஒரு புண்ணியவான் எடுத்து வைத்திருந்ததைத் திரும்பப் போட்டான்.

ஐந்து மணிக்குக் குட்டி வந்தாள். குடையை மடக்கவில்லை. யார் போனிலோ பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"என் போன் எங்க?"

அக்கா கவுண்டரில் வைத்தார். "உன் சிநேகிதி என்னப் பத்தி என்ன எழுதியிருக்கா பாத்தியா? நீ அதுக்கு சிரிக்கற."

"அது எனக்கும் அவளுக்கும்."

"என்னப் பத்தி பேசினா எனக்கும்தான்."

"எங்கேர்ந்து எடுத்த?"

"ஜாக்கெட்லேர்ந்து."

"பாக்கெட்லேர்ந்துன்னு சொல்லு." அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஊரான் பாக்கெட்ல இருக்கறத படிக்க மாட்டேன்னு எத்தன பேர்கிட்ட பெருமை பேசியிருக்க? பாக்கெட்டுக்குள்ள என்ன இருந்தாலும் கவர்தானே? நான் மட்டும் என்ன, வாடிக்கையில்லாத ஆளா?"

"நீ என் பொண்ணு. நான் பாக்காம யாரு பாப்பா?"

"பாத்த. சரி. படம் எடுத்து ஊருக்கு அனுப்பினது எதுக்கு? ஒருத்தர் எழுதினத அவங்கள கேக்காம வெளிய காட்டறது எவ்ளோ கேவலம்னு ஆறாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். உனக்குத் தெரியல."

"எனக்கு உங்க மரியாதையெல்லாம் தெரியாதுடீ. எங்களுக்கு மூஞ்சிக்கு நேரா சொல்லித்தான் பழக்கம்."

"மூஞ்சிக்கு நேராவா? அவ மூஞ்சிய நீ பாக்கவே இல்லையே. அவ இனிமே அவங்கம்மாவப் பாக்க முடியாது. ஒன்னாலதான்."

"நான் அதப் பாக்கல."

"கறைக்கண்ணி பாக்கலையாம்" என்றாள் குட்டி.

அந்தப் பேரை அக்கா முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் பெற்ற மகள். அக்கா கை ஓங்கினார். அவள் நகரவில்லை. ஓங்கிய கையால் கவுண்டரைத் துடைத்தார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது, என் மேல்தான் அதிகம்.

அன்று முதல் வீட்டில் பேச்சு நின்றது. கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவே ஒரு திரை. குட்டி அம்மாவின் எண்ணைத் தன் போனில் தடுத்து வைத்துவிட்டாள். அக்கா திரைக்கு இந்தப் பக்கமிருந்து 'சாப்பிட வா' என்று அனுப்புவார். ஒரு டிக் விழும். இரண்டாவது விழாது.

"ஏன்டீ, நெட் இல்லையா?"

"நெட் இருக்கு அக்கா. நீங்கதான் இல்ல."

புள்ளி வைப்பதை நிறுத்தினார். ஒரு நாள் பூப் படம் போட்டார். ஒரு நாள், கடவுளே, மண்டையோடு போட்டார். எல்லாம் ஒரு டிக். வீட்டுக்காரர் நடுவே போய் நின்று பார்த்தார். "இந்தா பாரு, அவ கொழந்த, நீதான் எறங்கிப் போகணும்" என்றார் இவரிடம். "ஏங்க, வேன ஓட்டறதோட நிறுத்திக்கறீங்களா?" என்று வந்தது பதில். அவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

குட்டி துணியை மட்டும் கடையில் போடுவாள். எப்படித் தெரியுமா? சட்டை, பேண்ட், பள்ளிக்கூட உடுப்பு, எதுவானாலும் பாக்கெட் அத்தனையும் வெளியே இழுத்துவிட்டு. நாக்கைத் தொங்கப் போட்ட மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தொங்கும். அக்கா ஒவ்வொன்றையும் உள்ளே தள்ளிவிட்டு மெஷினில் போடுவார்.

பள்ளிக்கூடத்தில் அவள் கதை இன்னும் மோசம். குட்டிதான் படத்தைக் கொடுத்தாள் என்று வகுப்பு முடிவு கட்டிவிட்டது. எல்லாக் குழுவிலிருந்தும் அவளை எடுத்துவிட்டார்கள். மாஸ்டர் மகள் போன் மாஸ்டரின் மேசை இழுப்பறைக்குப் போயிற்று. காலையில் அவரே பள்ளியில் விட்டு, பள்ளி விட்டதும் அவரே கூட்டி வந்தார். சனிக்கிழமை எதிர்க்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருப்பது என் மேசையிலிருந்து தெரியும். நிமிர மாட்டாள்.

அக்கா ஒரு நாள் எதிர்க்கடைக்குப் போனார். போன வேகத்திலேயே திரும்பினார். "என்ன சொன்னார்?" என்றேன்.

"டீ சாப்பிடுங்க சிஸ்டர்ங்கறார். நல்ல காரியம் பண்ணினீங்கங்கறார்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "திட்டித் தொலைச்சிருந்தாலும் தேவலை."

மூன்றாவது வாரம், மழை இன்னும் விட்டபாடில்லை. மாஸ்டர் வழக்கம்போலத் தைத்து முடித்த துணிகளை இஸ்திரிக்குக் கொண்டுவந்தார். அவர் துணி முழுக்க எங்களிடம்தான் வரும். மூட்டைக்கு மேலே அவர் மகளின் பள்ளிக்கூடக் கோட்டு. மழை வலுத்ததால் கவுண்டரிலேயே நின்றார்.

அக்கா கோட்டை விரித்தார். கறை பார்த்தார். பாக்கெட்டில் கை விட்டார். கை உள்ளேயே நின்றது. வெளியே வந்தபோது நாலாக மடித்த நோட்டுப் புத்தகத் தாள்.

மாஸ்டர் பார்த்துவிட்டார். "என்ன அது? குடுங்க."

அக்கா இழுப்பறையைத் திறந்து பழுப்புக் கவர் எடுத்தார். தாளை உள்ளே போட்டார். பின் அடித்தார். கோட்டின் நம்பரை எழுதினார்.

"சிஸ்டர், உங்களத்தான். என் பொண்ணு கோட்டு அது."

"ஆமா மாஸ்டர். போட்டவங்க கையிலதான் குடுக்கறது. வரச் சொல்லுங்க."

"நான் அவ அப்பன்."

"தெரியும்."

"யாருக்கு எழுதியிருக்கான்னு தெரிய வேணாமா? அந்தப் பொம்பளைக்குத்தான் எழுதியிருப்பா."

"எனக்குத் தெரியாது. நான் பாக்கல."

மாஸ்டர் சிரித்தார். "அன்னிக்கு படம் பிடிச்சு, வட்டம் போட்டு நாப்பது பேருக்குக் காட்டினீங்க. இன்னிக்குப் புதுசா என்ன சட்டம்?"

"சட்டம் பழசுதான். அன்னிக்கு நான் மீறினேன். உங்க பொண்ணு வயித்துல அடிச்சேன். தப்பு என்னுது."

"தப்பா? நீங்க செஞ்சதுதான் சரி. குடுங்க." அவர் கவுண்டருக்கு மேலே கையை நீட்டினார். நான் பெட்டியைத் தூக்கி அவர் கைப்பக்கமாக வைத்தேன். ஆவி புஸ்ஸென்று வந்தது. கையை இழுத்துக்கொண்டார். இஸ்திரி போடுகிறவள் பெட்டியை எங்கே வேண்டுமானாலும் வைப்பாள்.

அக்கா கவரை இழுப்பறையில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார்.

"அப்ப இனிமே என் துணி இங்க வராது."

"சரி மாஸ்டர்."

கோட்டை அப்படியே சுருட்டி மூட்டைக்குள் திணித்து, கொட்டும் மழையில் எடுத்துக்கொண்டு போனார். தைத்து முடித்த பத்துப் பன்னிரண்டு உருப்படி, அத்தனையும் நனைந்திருக்கும். அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எ.க. இருந்துது, எடது கையில. சொல்லாம விட்டுட்டேன்" என்றார்.

மத்தியானம் குட்டி வந்தபோது அக்கா இழுப்பறையைத் திறந்து கவரைக் கவுண்டரில் வைத்தார். வாடிக்கைக்காரருக்கு வைப்பதுபோல், நம்பர் அந்தப் பக்கம் தெரியும்படி.

"உன் சிநேகிதி கோட்டுல இருந்துது. அவங்கப்பா கேட்டார், குடுக்கல. நீ அவ கையில குடுத்துடு."

குட்டி மூன்று வாரத்தில் முதல் தடவையாக அம்மாவைப் பார்த்தாள். கவரை எடுத்தாள். குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பின்னைத் தடவினாள். திருப்பிப் பின்பக்கம் வேறு ஓட்டை இருக்கிறதா என்று நகத்தால் தேடினாள். ஓரத்தை மோந்துகூடப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அச்சு அசல் தாய்.

"உள்ள என்ன எழுதியிருக்கு?" என்றாள், ரொம்பச் சாதாரணமாக.

"தெரியாது."

"யாருக்கு?"

"தெரியாது."

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுடீ."

குட்டி கவரை என்னிடம் நீட்டினாள். "பெட்டியக்கா, ரெண்டாவது தடவ பின் அடிச்ச மாதிரி இருக்கா?"

பெற்றவள் எதிரே நிற்கிறாள், என்னிடம் சாட்சி கேட்கிறது. எனக்கு அவளை அறையலாம் போல் இருந்தது. "ஒரே தடவதான். நான் பாத்துட்டிருந்தேன்" என்றேன்.

கவரைப் பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். "அவ என்கிட்ட பேச மாட்டா. வாங்குவாளான்னு தெரியல" என்று யாரிடம் என்று இல்லாமல் சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள். அக்கா போனை எடுத்து ஏதோ எழுதி அனுப்பினார். எட்டிப் பார்த்தேன். 'சாப்பிட வா'. ஒரு டிக்.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததா, யாருக்குச் சேர்ந்தது, எனக்குத் தெரியாது. அந்தச் சனிக்கிழமையும் மாஸ்டர் மகள் கண்ணாடிக்குப் பின்னால் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் துணி இப்போது அடுத்த தெருக் கடைக்குப் போகிறது.

திங்கட்கிழமை காலையில் அழுக்குக் கூடையைக் கவிழ்த்தேன். குட்டியின் சட்டை, பாக்கெட் வெளியே. பேண்ட், வெளியே. அடியில் அந்த மழை ஜாக்கெட். அதன் பாக்கெட் உள்ளே இருந்தது.

நான் தொடவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார், பார்க்காமல் இருக்கிற கண்ணா அது. வந்து, பாக்கெட்டில் கை விட்டார். உள்ளே ஏதோ இருந்தது. முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு அதை வெளியே எடுத்து, விரல்களுக்குள் மூடியபடியே கவருக்குள் விட்டார். ஒரு பின் அடித்தார். அது போதாது என்று இன்னும் இரண்டு அடித்தார்.

மறந்து வைத்தாளா, வேண்டுமென்றே வைத்தாளா, வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாளா? என்னால் அடக்க முடியவில்லை.

"என்னக்கா அது?"

"எனக்கு எப்படிடீ தெரியும்?" கடை அதிரும்படிக் கத்தினார். "உன் வேலையப் பாரு, துணி கருகுது."